மறு: ரீஃபார்முலேஷன் – தமிழில் எப்படிச் சொல்வது?

> உப்பு, சர்க்கரை, கொழுப்பைக் குறைத்தும் ருசி கெடாமல் பாக்கெட் தீனியைச் செய்வதுதான் ரீஃபார்முலேஷன்; அதற்கு 'மறுசீரமைப்பு' என்ற சொல்லே போதுமே?

ஐயா, வணக்கம்.

செங்கோட்டைக்காரனிடம் மறுசீரமைப்பு என்றால் 1956தான் நினைவுக்கு வரும். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து எங்கள் ஊரைப் பிரித்துச் சென்னை மாநிலத்தோடு சேர்த்த சங்கதி அது. பிஸ்கட்டுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பெரிசு.

'உப்புக் குறைப்பு' மாதிரிச் சொற்களும் பாதியைத்தான் சொல்கின்றன. குளிர்பானத்தில் சர்க்கரையைக் குறைத்தால் இனிப்பு மட்டுமா போகிறது? கெட்டித்தன்மையும் போய், வாயில் வெறும் தண்ணீராக ஓடும். ஸ்டீவியா என்ற செடியின் சாறு இனிப்பை மீட்டுத் தரும். கெட்டிக்கு வேறொன்று சேர்க்க வேண்டும். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு போட்டால் கசப்பு எட்டிப் பார்க்கும். அதை மறைக்க இன்னொன்று. எடுப்பதும் போடுவதும் சேர்ந்த வேலை இது.

சில நேரம் புதிதாக எதையும் போடவே வேண்டாம். இங்கே ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுகிறவர் உப்புத் தண்ணீரைக் காய்ந்த தேங்காய் எண்ணெயிலேயே தெளிப்பார். சட்டி 'சோ'வென்று இரையும்; இரைச்சல் அடங்கியதும் அரிகரண்டியால் அள்ளுவார். பாக்கெட் சிப்ஸிலோ பொடி உப்பை மேலே தூவுகிறார்கள். அதை இன்னும் நுணுக்கினால் நாக்கில் சட்டென்று கரையும். குறைவான உப்பே நன்றாகக் கரிக்கும்.

தனி மடலில் ஒருவர் 'பக்குவ மாற்றம்' என்றார். பக்குவம் மாறக் கூடாது என்பதற்குத்தானே இத்தனை பாடு!

புளியரையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால், சமையலில் போடுவதைச் 'சேருவ' என்பார்கள். நம்மிடம் 'சேர்மானம்' இருக்கிறது, லேகியம் கிண்டுகிற வைத்தியர் சொல்வதுதான். ஆகவே என் பரிந்துரை: சேர்மானத் திருத்தம். 'மாற்றம்' வேண்டாம்; நல்ல எண்ணெயை விட்டு மலிவான எண்ணெய் ஊற்றுவதும் சேர்மான மாற்றம்தான்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'பிரிட்டனில் 2018 ஏப்ரலில் சர்க்கரைப் பான வரி வந்தது. 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரி இல்லை என்பதால், பல கம்பெனிகள் முன்கூட்டியே சேர்மானம் திருத்திவிட்டன.' உறுத்தவில்லை.

'திருத்தம்' என்றால் முன்பு தப்பாக இருந்ததாகத் தொனிக்குமே என்று கம்பெனிக்காரர்கள் கேட்கலாம். தொனித்தால் தொனிக்கட்டும்.

அப்புறம் ஒன்று. பாலக்காட்டுப் பக்கம் 'சேர்மானம்' வேறு பொருளில் புழங்குகிறதா? அங்குள்ளவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் விக்சனரி இணைய அகராதியில் ஏற்றிவிடலாம்.