வியாழன் நெளியுது, கண்ணாடி நகர்ந்திருக்குமா? அவசர உதவி

புதுவான்:
நேத்து வியாழன் அருமையா தெரிஞ்சது. ரெண்டு பட்டை, நட்டநடுவுல சிவப்புப் பொட்டு. இன்னிக்கு அதே டெலஸ்கோப், அதே ஐபீஸ் (கண்ணு வச்சுப் பார்க்கிற லென்ஸ்), ஆனா தண்ணிக்கடியில கிடக்கிற காசு மாதிரி நெளியுது. ஃபோகஸே நிக்கல. தூக்கிட்டு வரும்போது வாசப்படியில லேசா இடிச்சேன். வானம் பளிச்னுதான் இருக்கு, அதனால வானத்து மேல தப்பில்ல. யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

ஓரியன்08:
என்ன டெலஸ்கோப்? எத்தனை மடங்கு? வியாழன் எவ்வளவு உயரத்துல இருக்கு? கையை நீட்டி முஷ்டி பிடிச்சா சுமார் 10 டிகிரி. எத்தனை முஷ்டி?

திருகாணி:
இடிச்சேன்னு சொன்னப்புறம் என்ன கேள்வி? கொலிமேஷன், அதாவது கண்ணாடிகளோட நேர்வரிசை, போயிருக்கும். லேசர் வச்சு சரி பண்ணுங்க.

ஓரியன்08:
கண்ணாடித் திருகைத் தொடாதீங்க. கொலிமேஷன் போனா படம் மங்கும், நெளியாது. உச்சியில ஒரு நட்சத்திரத்தைப் பிடிச்சு ஃபோகஸை விலக்குங்க. நடுவுல இருக்கிற கறுப்பு வட்டம் மையத்துலயே இருந்தா கண்ணாடி நகரல. விரிஞ்ச ஒளி வட்டத்து மேல புகை மாதிரி மெதுவா சுருண்டா குழாய்க்குள்ள சூடு. ஆத்துத் தண்ணி மாதிரி ஒரே பக்கமா ஓடினா மேல்காத்து.

பழையவில்லை:
இதை இங்க நூறு தடவை பேசியாச்சு. தேடிப் பார்க்கிற பழக்கமே யாருக்கும் இல்ல. வானம் பளிச்னு இருக்கிறது வேற, காத்து அடங்கியிருக்கிறது வேற, தம்பி. லேசா மூட்டம் போட்ட ராத்திரியிலதான் பல தடவை கிரகம் சிலை மாதிரி நிக்கும். பொட்டு தெரியலையா, மறுபக்கம் போயிருக்கும்.

புதுவான்:
8 அங்குலக் கண்ணாடி வச்ச டாப்ஸோனியன் டெலஸ்கோப், குவியத் தூரம் 1200 எம்எம். 10 எம்எம் ஐபீஸ், கூடவே படத்தை 2 மடங்காக்குற பார்லோ லென்ஸ். வீட்டுக்குள்ளேர்ந்து எடுத்து வச்சு பத்து நிமிஷம் ஆச்சு. ரெண்டரை முஷ்டி, பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேல. நேத்து பார்த்தது ராத்திரி 11, இப்ப 7.

ஓரியன்08:
இதை முதல்லயே சொல்லக் கூடாதா! 30 டிகிரியிலயே தலைக்கு மேல இருக்கிறதைவிட ரெண்டு மடங்கு காத்து குறுக்க நிக்கும், நீங்க அதுக்கும் கீழ. போதாததுக்கு, பகல் முழுக்க வெயில் குடிச்ச கூரை இப்ப சூட்டைக் கக்குது. அதுல 240 மடங்கு! பார்லோவைக் கழட்டுங்க. குழாயை ஒரு மணி நேரம் வெளியிலயே விட்டுட்டு, வியாழன் ஏறினதும் பாருங்க.

நிலாமுற்றம்:
பழையவில்லை ஐயா, நேத்து 11லேர்ந்து இன்னிக்கு 7 வரைக்கும் 20 மணி நேரம். வியாழனுக்கு ஒரு சுத்து 9 மணி 55 நிமிஷம். ரெண்டு சுத்து முடிஞ்சு அதே முகம்தான் நம்ம பக்கம். பொட்டு எங்கயும் போகல, காத்து விழுங்கிருச்சு.

பழையவில்லை:
கணக்கு சரி. ஆனா இந்தக் காத்துல 8 அங்குலத்தை முழுசா திறந்து வைக்கிறதே வீண். அட்டையில 3 அங்குல ஓட்டை போட்டு, ஓட்டை ஓரமா வர்ற மாதிரி குழாயோட வாயை அதால மூடுங்க. படம் அடங்கும்.

நிலாமுற்றம்:
படத்தோட நுணுக்கமும் அடங்கிடும். காத்து ஒரு நொடி ஓயறப்போ பெரிய கண்ணாடியில பட்டையோட விளிம்பு முடிச்சு முடிச்சா தெரியுமே, அதுக்குத்தானே கண்ணு வலிக்கக் குனிஞ்சு நிக்கிறோம்?

பழையவில்லை:
விட்டம் கூடக்கூட அந்த நொடி கிடைக்கிற வாய்ப்பு மளமளன்னு சரியும். ஃப்ரீட்ங்கிற ஆராய்ச்சியாளர் 1978லயே கணக்கு போட்டு வச்சிருக்கார். தேடிப் படிங்க.

திருகாணி:
மூணோ எட்டோ, கொலிமேஷன் இல்லைன்னா எல்லாம் ஒண்ணுதான்.

ஓரியன்08:
கேட்டவரைக் காணோம்.

புதுவான் (10.40):
120 மடங்கு, பட்டை ரெண்டும் அசையாம நிக்குது. திருகைத் தொடல. நன்றிண்ணா. பொட்டு மட்டும் காணோம், இன்னும் காத்துதானா?

பழையவில்லை:
இல்ல. இப்பதான் மறுபக்கம்.