எடை குறைந்தபின் தொய்ந்த முகம்: 58 வயதில் அறுவை செய்துகொள்ளலாமா?

மாந்தோப்பு58 (காவேரிப்பட்டினம்):

வணக்கம். நீரிழிவைக் கட்டுக்குள் கொண்டுவர இரண்டு ஆண்டுகளில் 19 கிலோ எடை குறைத்தேன். மூட்டுவலி போய்விட்டது, நன்றாக நடக்கிறேன். ஆனால் முகம் தொய்ந்துவிட்டது. தாடையின் இரு ஓரத்திலும் சதை தொங்குகிறது, கழுத்தில் இரண்டு பட்டைகள் தெரிகின்றன. சந்தையில் பார்ப்பவர்கள், “உடம்புக்கு என்னம்மா?” என்று கேட்கிறார்கள். போன மாதம் ஒரு துக்க வீட்டில் உறவுக்காரப் பெண் ஒருத்தி என் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். என் வாழ்க்கையிலேயே உடம்பு மிக நன்றாக இருக்கும் காலம் இது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

இரண்டு இடங்களில் கேட்டேன். ஓர் அழகு மையத்தில், “தோலுக்கடியில் நூல் போட்டுத் தூக்கிவிடலாம், ஒரு மணி நேர வேலை, 70 ஆயிரம்” என்றார்கள். பெங்களூரில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, தொய்ந்ததைத் தூக்கித் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவைதான் பயன்படும் என்றார். மூன்றரை லட்சம் ஆகுமாம். மகன் வேண்டாம் என்கிறான். பணம் என் மாங்காய்ப் பணம், யாரிடமும் கேட்கப்போவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் இரு பக்கமும் சொல்லுங்கள்.

தொப்பூர்க்கணவாய்:

அம்மா, வேண்டாம். நோய் இல்லாத முகத்தில் கத்தி வைப்பதற்கு நான் எதிரி. காரணம் என் அக்கா. அவரும் இப்படித்தான் நூல் போட்டுக்கொண்டார். மூன்றாம் வாரம் ஒரு கன்னத்தில் குழி விழுந்தது. நூலின் நுனி தோலுக்கடியில் முள்போல நெருடியது. வாயைத் திறந்து ஒரு கவளம் சோறு வைக்க முடியாமல் தவித்தார். எட்டே மாதத்தில் கன்னம் பழையபடி இறங்கிவிட்டது. போட்டவர்களிடம் போய்க் கேட்டால், “உங்கள் தோல் அப்படி” என்றார்கள். ஒரு நூலே இந்தப் பாடு படுத்தும் என்றால், நான்கைந்து மணி நேரம் மயக்கத்தில் கிடத்திக் காதைச் சுற்றி அறுத்தால் என்ன ஆகும்? அதுவும் உங்களுக்குச் சர்க்கரை.

அரூர்சிஸ்டர்:

அறுவை அரங்கில் 26 ஆண்டுகள் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் ஒன்பது ஆண்டுகள் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில். தொப்பூர் ஐயா, உங்கள் அக்காவுக்கு நடந்ததைப் படித்து வருந்துகிறேன். ஆனால் அவருக்குச் செய்தது நூல். அதை வைத்து அறுவையை எடைபோட முடியாது. இரண்டும் முகத்தின் வெவ்வேறு ஆழத்தில் நடக்கும் வேலைகள்.

முகத்தை இலவம்பஞ்சு மெத்தைபோல நினைத்துக்கொள்ளுங்கள். மேலுறை தோல். உள்ளே கொழுப்புப் பொதிகள். அவற்றுக்கடியில் தசையோடு ஒட்டிய ஓர் உறுதியான சவ்வு. 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற இரு மருத்துவர்கள் அதை விவரித்தார்கள். ஸ்மாஸ் என்பது அதன் பெயர். வயதாகும்போது தோலின் இழுவிசை குறைகிறது, சவ்வும் தளர்கிறது, கொழுப்பு சில இடங்களில் வற்றி, சில இடங்களில் கீழே சரிகிறது. எலும்பும்கூடச் சிறிது தேய்கிறது. பஞ்சு கீழே இறங்கிவிட்ட மெத்தைக்கு உறையை மட்டும் இழுத்துத் தைத்தால் என்ன ஆகும்? தையல்தான் விரியும். பழைய காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். காதுக்கு முன்னால் தோலை ஒரு கீற்று வெட்டி இழுத்துத் தைப்பார்கள். முகம் விறைத்துத் தெரியும், தழும்பு அகலும், காதுமடல் கீழே இழுபடும், சீக்கிரமே மீண்டும் தொங்கும்.

இப்போது தோலைத் தூக்கிவிட்டு ஸ்மாஸ் சவ்வை மடித்துத் தைக்கிறார்கள். சிலர் ஒரு பட்டையை வெட்டியெடுத்து விளிம்புகளை இணைக்கிறார்கள். டீப் பிளேன் என்று விளம்பரங்களில் பார்க்கிறீர்களே, அது அந்தச் சவ்வுக்கு அடியில் போய், எலும்போடு பிடித்திருக்கும் தசைநார்களை விடுவித்து, தோலையும் சவ்வையும் ஒன்றாக மேலே நகர்த்துவது. அமெரிக்க மருத்துவர் சாம் ஹாம்ரா 1990இல் அதை எழுதினார். எது சிறந்தது என்று மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. இரண்டு ஜோடி இரட்டையர்களுக்கு நான்கு பெயர்பெற்ற மருத்துவர்கள் ஆளுக்கொரு முறையில் அறுவை செய்து, பத்தாண்டுகள் படம் எடுத்துப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். இந்த முறைதான் உயர்ந்தது என்று அடித்துச் சொல்லும் வித்தியாசம் அதில் தெரியவில்லை. அதனால் முறையின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள் அம்மா. அந்தக் கை அந்த முறையை எத்தனை முறை செய்திருக்கிறது என்று கேளுங்கள்.

பென்னாகரம்வாசகன்:

கத்தியே இல்லாமல் அல்ட்ராசவுண்ட், ரேடியோ அலை என்று கருவிகள் வந்துவிட்டனவே? ஊசி மருந்துகளும் இருக்கின்றன. அவற்றை முயன்று பார்த்துவிட்டு அறுவைக்குப் போகலாமே.

அரூர்சிஸ்டர்:

தொய்வு தொடங்கும் 40 வயதுக்காரர்களுக்கு அவை ஓரளவு பயன்படும். சூட்டால் தோல் சற்று இறுகும், அவ்வளவுதான். கழுத்தில் பட்டை விழுந்து தாடைச்சதை தொங்கியபின் அவற்றால் தூக்க முடியாது. போடாக்ஸ் தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும். மூன்று நான்கு மாதம் நிற்கும். ஃபில்லர் குழியை நிரப்பும். தொங்கும் முகத்தைத் தூக்குவதாகச் சொல்லி ஃபில்லரை அடுக்கிக்கொண்டே போனால் முகம் ஊதிப்போகும். அது தவறி இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். ஊசிதானே என்று யாரிடம் வேண்டுமானாலும் முகத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

ஓசூர்ரோஜா:

நான் செய்துகொண்டவள். 61 வயதில், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஸ்மாஸ் மடிப்பும் கழுத்தும் சேர்த்து. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் இரவு தலையைச் சுற்றிக் கட்டு, காதுக்குப் பின்னால் இரு பக்கமும் மெல்லிய வடிகுழாய். மறுநாள் எடுத்தார்கள். வலியைவிட இறுக்கம்தான் அதிகம். மூன்றாம் நாள் கண்ணாடி பார்த்தது என் தவறு. முகம் வீங்கி, கழுத்துவரை நீலமும் மஞ்சளுமாக இருந்தது. ஒரு வாரம் கஞ்சியும் குழைந்த கேழ்வரகுக் கூழும்தான். தலையணை உயர்த்தி மல்லாந்தே படுத்தேன். காதுக்கு முன்னால் போட்ட தையலை ஏழாம் நாளும், பின்னால் போட்டதைப் பத்தாம் நாளும் பிரித்தார்கள். இரண்டாம் வாரம் காரணமே இல்லாமல் அழுதேன். இது பலருக்கும் வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தால் அத்தனை பயந்திருக்க மாட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் வெளியே போனேன்.

காதுமடல் நான்கு மாதம் மரத்திருந்தது. தோட்டின் திருகாணி குத்தினாலும் தெரியாது. இடது மடலின் ஒரு பகுதியில் இன்றும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. தழும்பு காதின் முன்விளிம்பில் ஒளிந்துவிட்டது. கொண்டை போட்டால் மட்டும் பின்னால் ஒரு கோடு தெரியும்.

இத்தனைக்கும் பிறகு, மீண்டும் செய்வாயா என்று கேட்டால், செய்வேன். எனக்கு முப்பது வயது ஆகிவிடவில்லை. தாடைக்கோடு திரும்பி வந்தது. தூங்கி எழுந்த முகம்போல இருக்கிறது. உதட்டுக்கு மேலிருக்கும் மெல்லிய சுருக்கங்களும் வெயில் கருமையும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றை இந்த அறுவை தொடாது.

தொப்பூர்க்கணவாய்:

நூலும் அறுவையும் வேறு என்பதை ஏற்கிறேன், சிஸ்டர். ஆனால் ரோஜா அம்மா எழுதியதையே பாருங்கள்: மூன்று ஆண்டு ஆகியும் உணர்ச்சி திரும்பாத காது. முக நரம்பில் பட்டிருந்தால்? வாய் கோணிப்போனால் மூன்றரை லட்சம் அதை நேராக்குமா? இந்த அறுவையும் ஏழு, பத்து ஆண்டுதான் நிற்கும் என்கிறார்கள். 68 வயதில் மறுபடியும் படுப்பீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறை அம்மாவின் முகத்தில் இல்லை, கேட்பவர்களின் வாயில் இருக்கிறது. கிழக்கு வெயிலில் மாங்கன்று நட்டு, தண்ணீர் சுமந்து வளர்த்த முகம் அது. எங்கள் ஊரில் என் பாட்டியின் முகம் முழுக்கச் சுருக்கம்தான்; அந்த முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் ஐந்து பேரும் தைரியம் கற்றோம். ஊர் வாயை அடைக்க உடம்பை அறுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மாந்தோப்பு58:

தம்பி, உங்கள் பாட்டியைப் பற்றி எழுதியது மனத்தைத் தொட்டது. ஆனால் நான் ஊருக்காகக் கேட்கவில்லை. கன்னத்தை இரண்டு விரலால் காதுப்பக்கம் நகர்த்தினால் கண்ணாடியில் நான் தெரிகிறேன். விரலை எடுத்தால் களைத்துப்போன வேறொருத்தி. நான் களைத்தவள் இல்லை. நரைக்குச் சாயம் பூசினேன், விழுந்த பல்லுக்குப் பல் கட்டினேன். அப்போதெல்லாம் யாரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை. முகம் என்றதும் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

அரூர்சிஸ்டர்:

இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது, அதனால் அபாயத்தை மூடாமல் சொல்கிறேன். முக நரம்புக்கு நிலையான சேதம் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. தற்காலிகத் தளர்ச்சி சற்று அதிகம், அது வாரங்களிலோ மாதங்களிலோ தெளிந்துவிடும். அதிகம் பாதிக்கப்படுவது காதுமடலுக்குப் போகும் உணர்வு நரம்பு. ரோஜா அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

நான் அரங்கில் கண்டு அஞ்சியது இரத்தக்கட்டு. முதல் 24 மணி நேரத்தில்தான் பெரும்பாலும் வரும். ஒரு பக்கம் திடீரென்று வீங்கிக் கடுமையாக வலிக்கும். உடனே திறந்து வெளியேற்றாவிட்டால் மேல்தோல் கெடும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல், பெண்களைவிட ஆண்களுக்கும் கூடுதல். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி 90 கிலோமீட்டர்தானே என்று அன்றே காரில் ஏறிவிடாதீர்கள். இரவில் வீங்கினால் அத்திப்பள்ளி நெரிசலில் எங்கே மாட்டுவீர்கள்? முதல் இரவு அங்கேயே தங்குங்கள். அடுத்த சில நாட்களும் அரை மணி நேரத்தில் மருத்துவமனையை எட்டும் இடத்தில் இருங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு மூன்று கேள்விகள். மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி எவ்வளவு? எடை கடைசியாக எப்போது அசையாமல் நின்றது? இன்னும் குறைந்துகொண்டிருந்தால் இப்போது தூக்கியது மறுபடி தொங்கும். ஆறு மாதமாவது நிலையாக இருக்க வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறீர்களா? வீட்டில் யாராவது பீடி பிடிக்கிறார்களா? நிகோடின் இரத்தக் குழாயைச் சுருக்கும்; தூக்கிவைத்த தோல் காதுக்குப் பின்னால் கருகிப்போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு புடைத்து வளர்ந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்பவர் பொது அறுவையில் எம்.எஸ். முடித்து, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. படித்தவரா என்று பாருங்கள். மயக்க மருத்துவர் யார், அவசரத்துக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா என்றும் கேளுங்கள். அழகுக்கான அறுவைக்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது, ஜிஎஸ்டி விலக்கும் கிடையாது. எனவே சொன்ன தொகைக்குமேல் வரி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

எடை குறைந்த முகத்தில் கொழுப்பும் வற்றியிருக்கும். சிலருக்கு வயிற்றிலிருந்து சிறிது கொழுப்பு எடுத்துக் கன்னத்தில் வைப்பார்கள். அதில் ஒரு பங்கு கரைந்துவிடும் என்பதால் அதைப் பற்றியும் தனியாகப் பேசுங்கள்.

படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: முகம் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று தொங்கினால் அது வயதுத் தொய்வு அல்ல. பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.

மாந்தோப்பு58:

சிஸ்டர், சர்க்கரை அளவு போன மாதம் 8.1. எடை நின்று மூன்று மாதம்தான் ஆகிறது. புகையிலை கிடையாது, தோப்பில் காவலுக்கு இருக்கும் மாமா பீடி பிடிப்பார், அவர் வீட்டுக்குள் வருவதில்லை. நூல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அரூர்சிஸ்டர்:

8.1க்குக் கவனமான எந்த மருத்துவரும் கத்தி எடுக்க மாட்டார். 7க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள்.

ஓசூர்ரோஜா:

அம்மா, அறுவடைக் காலத்தை ஒட்டி நாள் குறிக்காதீர்கள். தழும்பு பல மாதம் வெயில் படாமல் இருக்க வேண்டும், கனம் தூக்கவும் கூடாது. மார்கழி நல்லது. முந்தானையால் காதைப் போர்த்திக்கொண்டு இருந்தாலும் குளிருக்கென்று நினைப்பார்கள்.

தொப்பூர்க்கணவாய்:

நான் இன்னும் மாறவில்லை. என் வீட்டில் யாரும் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஆறு மாதம் காத்திருக்க ஒப்புக்கொண்டால் எனக்கு நிம்மதி. சிஸ்டர், ஒன்று மட்டும் கேட்கிறேன்: என் அக்காவின் கன்னத்தில் அந்த நெருடல் இன்னும் இருக்கிறது. அதை எடுக்க முடியுமா?

அரூர்சிஸ்டர்:

எந்த வகை நூல் என்று சீட்டு இருக்கிறதா? கரையும் பிடிஓ நூல் என்றால் பெரும்பாலும் சில மாதங்களில் கரைந்திருக்க வேண்டும். இன்னும் நெருடினால் கரையாத நூலாக இருக்கலாம், அல்லது சுற்றிலும் தழும்பு முடிச்சிட்டிருக்கலாம். போட்ட இடத்துக்கே திரும்பப் போகாமல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டுங்கள். சிறு கீறலில் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். சிவந்தாலோ சீழ் வைத்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.