ஞாயிறு 18 கிலோமீட்டர் ஓடினேன், திங்கள் கிரியாட்டினின் 1.42. ஓட்டத்தை நிறுத்தணுமா?

ரேஸ்கோர்ஸ் ஓட்டக்காரன் (கேள்வி)

வணக்கங்க. வயசு 38, எடை 78 கிலோ. கோவை கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்கேன். நாலு வருஷமா ரேஸ்கோர்ஸ்ல ஓடறேன், வாரத்துல நாலு நாள் ஜிம். டிசம்பர் கோவை மாரத்தான்ல 21 கிலோமீட்டருக்குப் பேர் குடுத்திருக்கேன்.

போன திங்கக்கிழமை இன்சூரன்ஸுக்காக ரத்தம் குடுத்தேன். கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்தற கழிவு) 1.42, இ-ஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டற அளவு) 65, யூரின்ல புரோட்டீன் ஒரு பிளஸ். முந்தின நாள் காலையில 18 கிலோமீட்டர் ஓடியிருந்தேன். வெயில் ஏறிடுச்சு, கையில ஒரே ஒரு அரை லிட்டர் பாட்டில். முட்டி வலிக்குன்னு ஓடறதுக்கு முன்னாடி ஒரு டைக்ளோஃபெனாக், வந்து ஒண்ணு.

சாப்பாடு: தினம் 8 முட்டை வெள்ளைக்கரு, 300 கிராம் சிக்கன், வே புரோட்டீன் ரெண்டு ஸ்கூப், கிரியாட்டின் பவுடர் 5 கிராம். இது போக வீட்டுச் சாப்பாடு.

எங்க அப்பாவுக்குச் சர்க்கரை. கடைசி மூணு வருஷம் திங்கள், வியாழன் டயாலிசிஸ். அவர் கையில ஃபிஸ்டுலா வெச்ச இடத்தை, அதாவது டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைச்ச இடத்தை, தொட்டா விர்ர்னு அதிரும். ரிப்போர்ட்டைப் பாத்ததுல இருந்து எனக்கு அந்த அதிர்வுதான் ஞாபகம் வருது. எல்லாத்தையும் விட்டுடுங்கன்னு வீட்டுல அழறாங்க. ஓட்டத்தை நிறுத்தணுமா? என்ன சாப்பிடறது?

இரும்புக் கை

நண்பா, எனக்கும் 1.35 வந்தது, பயப்படாதீங்க. பவுடரை நிறுத்திட்டு தினம் 6 லிட்டர் தண்ணி குடிங்க. கிட்னியைக் கழுவி விட்டுடும்.

மதுரை செவிலி

தம்பி, நான் 19 வருஷமாகச் சிறுநீரகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்க அப்பா மாதிரி எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட கை இது. அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

முதல்ல அந்த 1.42. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை அதிகமுள்ளவருக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும். முந்தின இரவு கறி சாப்பிட்டாலும் ஏறும். கிரியாட்டின் பவுடரில் ஒரு பகுதி உடம்புக்குள்ளே போய்க் கிரியாட்டினினாக மாறுது. அதனால சிறுநீரகம் நல்லா இருந்தாலும் எண் ஏறித் தெரியலாம். அதுக்கு மேல நீங்க 18 கிலோமீட்டர் ஓடி முழுசா ஒரு நாள்கூட ஆகலை. அமெரிக்காவில் 2015 ஹார்ட்ஃபோர்ட் மாரத்தானில் ஓடின 22 பேரை யேல் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, ஐந்தில் நான்கு பேருக்குச் சிறுநீரகம் தற்காலிகமாக அடிபட்ட அறிகுறி இருந்தது. இரண்டு நாளில் பெரும்பாலும் சரியாகிவிட்டது. யூரின் புரோட்டீனும் அப்படித்தான், கடும் ஓட்டத்துக்குப் பிறகு வந்து ஓரிரு நாளில் போயிடும். நாள்பட்ட சிறுநீரக நோய்னு சொல்ல, கோளாறு மூணு மாசத்துக்கு மேல நீடிக்கணும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வெச்சு யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க.

கிரியாட்டின் பவுடரை ரெண்டு மூணு வாரம் நிறுத்துங்க. ரத்தம் குடுக்க மூணு நாள் முன்னாடி ஓட்டமும் பளுவும் வேண்டாம், முந்தின இரவு கறி வேண்டாம். அப்புறம் கிரியாட்டினின், சிஸ்டாட்டின் சி, காலை முதல் சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் (அல்புமின் ஒரு புரதம்) மூணையும் பாருங்க. சிஸ்டாட்டின் சி-யும் சிறுநீரகம் வடிகட்டுறதைக் காட்டுறதுதான், ஆனா தசையின் அளவை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. விகிதம் 30-க்குக் கீழே இருக்கணும்.

என்னைப் பயமுறுத்தினது உங்க 1.42 இல்லை, அந்த ரெண்டு மாத்திரை. வியர்த்து உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போற ரத்தமும் குறையும். அப்போ உள்ளே வர்ற ரத்தக்குழாயை விரிச்சு வெச்சு ஈடுகட்டுறது உடம்பே உண்டாக்குற புரோஸ்டாகிளாண்டின்கிற பொருள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எல்லாம் அதை உற்பத்தியாக விடாமல் தடுக்கிற மாத்திரைகள். நீர் வற்றின உடம்பு, வெயில், நீண்ட ஓட்டம், மேலே வலி மாத்திரை: இந்தச் சேர்க்கையில அவசரப் பிரிவுக்கு வந்த இளவட்டங்களை நான் பார்த்திருக்கேன். மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிப் போடறதை இன்னைக்கே நிறுத்துங்க. முட்டி வலிக்கு முட்டியைக் காட்டுங்க.

புரோட்டீன்: நீங்க சொன்ன கணக்கு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராமைத் தாண்டுது. ஆரோக்கியமான சிறுநீரகத்தை அது கெடுக்கும்னு உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனா உங்களுக்கு அவ்வளவு தேவையும் இல்லை, 1.2-லிருந்து 1.6 போதும். ஒரு ஸ்கூப்பைக் குறைச்சு, அந்த இடத்தில் பயறு, சுண்டல், தயிர் வையுங்க. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதாகி, இன்னும் டயாலிசிஸுக்குப் போகாதவருக்கு மட்டும் கணக்கு வேற, 0.8 அளவில் நிறுத்தச் சொல்வோம்.

6 லிட்டர் தண்ணீர்னு மேலே எழுதின தம்பிக்கு: தயவுசெய்து அப்படிச் சொல்லாதீங்க. தண்ணீர் கிட்னியைக் கழுவுறதில்லை. அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம், மாரத்தான்களில் உயிரே போயிருக்கு. ஓடறதுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் இழப்பு. நீண்ட ஓட்டமானால் உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ நல்லது.

ரத்த அழுத்தம், சர்க்கரை எவ்வளவுன்னு நீங்க எழுதவே இல்லையே? அப்பாவுக்குச் சர்க்கரை இருந்த வீட்டில் அதைத்தான் நான் முதல்ல கேட்பேன்.

தேனி ரைடர்

அண்ணே, என் கதையையும் கேளுங்க. நாலு வருஷம் கபடி ஆடாம இருந்துட்டு, போன வருஷம் ஊர்த் திருவிழா மேட்சுக்காக மறுபடி இறங்கினேன். முதல் நாளே பந்தயம் கட்டி 400 பஸ்கி. மறுநாள் தொடை கல்லாட்டம் வீங்கிருச்சு, மாடிப்படி இறங்க முடியலை. மூணாம் நாள் ஒண்ணுக்குப் போனா கடுங்காப்பி நிறம். வலிக்குத்தான்னு ரெண்டு மாத்திரை போட்டுப் படுத்துட்டேன். அம்மாதான் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. தசை உடைஞ்சா ரத்தத்துல ஏற்ற சிகேங்கிற நொதி 40,000-க்கு மேல. தசை உடைஞ்சு அதுல இருக்கற மயோகுளோபின்கிற புரதம் கிட்னியில போய் அடைக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. ஆறு நாள் குளுக்கோஸ் பாட்டில், கிரியாட்டினின் 3.1 வரைக்கும் போய் இறங்குச்சு. டயாலிசிஸ் இல்லாம தப்பிச்சேன்.

நீங்க தினமும் ஓடறவர், உங்களுக்கு இது வர்றது கஷ்டம். ஆனா விட்டுட்டுத் திரும்ப வர்றவங்க மெதுவா ஏத்தணும். ஒண்ணுக்கு நிறம் மாறினா அன்னைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள்னு தள்ளாதீங்க.

கீரைக்காரி

எனக்குக் கிட்னியில கல் வந்த வழி கீரை. எடை குறையணும்னு தினமும் பச்சைப் பாலக்கீரையை ஒரு கைப்பிடி பாதாமோட அரைச்சுக் குடிச்சேன், எட்டு மாசம். ரெண்டிலும் கல்லை உண்டாக்கற ஆக்ஸலேட் அதிகமாம். 6 மில்லிமீட்டர் கல், இடுப்பிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கின வலி பிரசவ வலிக்குக் குறைஞ்சதில்லை. இப்போ பாலக்கீரையை எப்பவாவது வேகவெச்சுத் தண்ணியை வடிச்சுட்டுத் தயிரோட சாப்பிடறேன். கால்சியம் கூடவே போனா ஆக்ஸலேட்டைக் குடல்லயே பிடிச்சு வெச்சுக்கும். கல் இருக்கறவங்க பால், தயிரை நிறுத்தணும்னு சொல்றது தப்பு, டயட்டீஷியன் எனக்கு முதல்ல திருத்தினது அதைத்தான்.

ரேஸ்கோர்ஸ் ஓட்டக்காரன்

அக்கா, மூணு வாரம் கழிச்சு எழுதறேன். நீங்க சொன்ன மாதிரியே பண்ணிட்டுக் குடுத்தேன். கிரியாட்டினின் 1.18, இ-ஜிஎஃப்ஆர் 81. சிஸ்டாட்டின் சி இயல்பு. அல்புமின் விகிதம் 9. ரிப்போர்ட்டை வீட்டுக்காரம்மா கையில குடுத்துட்டு வண்டியில கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

முட்டிக்குப் பிசியோதெரபிஸ்ட் தொடை, இடுப்புக்குப் பயிற்சி குடுத்திருக்கார். மாத்திரை தொடவே இல்லை. ஸ்கூப் ஒண்ணு, காலையில பாசிப்பயறு.

ஆனா நீங்க கேட்டீங்கன்னு பிரஷர் பாத்தேன். 144/92. மறுநாள் 140/90. இத்தனை ஓடியும் எப்படிங்க வரும்? சர்க்கரை சாப்பிடறதுக்கு முன்னாடி 98. மத்தியானம் பட்டறைப் பசங்களோட மெஸ் சாப்பாடு, தினம் ஊறுகா, ரெண்டு அப்பளம். அதா இருக்குமா?

மதுரை செவிலி

சிறுநீரகம் நல்லா இருக்குன்னு கேட்டு மனசு நிறைஞ்சது தம்பி. ஓடுறவங்களுக்கும் பிரஷர் வரும். உப்பு ஒரு காரணமாக இருக்கலாம், குடும்ப வழியாகவும் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது நாளைக்கு 5 கிராமுக்குள்ளே, அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், மெஸ் குழம்பு சேர்ந்தா மத்தியானமே பெரும்பங்கு முடிஞ்சிருக்கும். வீட்டிலிருந்து டப்பா கொண்டு போங்க. மேல்கை அளவு பார்த்து ஒரு மிஷின் வாங்கி, ஏழு நாள் காலையும் இரவும், ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு பார்த்து நோட்டில் எழுதுங்க. ஓடி வந்த கையோட பார்க்காதீங்க. அந்த நோட்டோட டாக்டரைப் பாருங்க. டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கு.