30 லட்சத்துக்குப் பழைய எஸ்-கிளாஸா, புது இன்னோவாவா?

ஓஎம்ஆர்வாசி:
2015 மாடல் மெர்சிடிஸ் எஸ்350 சிடிஐ ஒன்று பார்த்திருக்கிறேன். சென்னைப் பதிவு, இரண்டாவது ஓனர். 30 லட்சத்துக்குள் முடித்துவிடலாம் என்கிறார் தரகர். வீட்டிலோ அந்தக் காசுக்குப் பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் புது இன்னோவா ஹைக்ராஸ் ஹைப்ரிட் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். என் பயம் மைலேஜ்தான். கிட்டத்தட்ட இரண்டு டன் வண்டி, வி வடிவில் ஆறு சிலிண்டர் கொண்ட 3 லிட்டர் வி6 டீசல் எஞ்சின். பெட்ரோல் பங்க்காரருக்குச் சொத்தை எழுதி வைக்க வேண்டியிருக்குமா?

டீசல் தாத்தா:
பயத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள் தம்பி. இந்த எஞ்சின் ஊருக்குள் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தரும், திண்டிவனம் ரோட்டில் நிதானமாகப் போனால் 13, 14 தரும். கலந்து 9 என்று குறைத்தே வைப்போம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 1,111 லிட்டர். டீசல் லிட்டர் 92 ரூபாய் சொச்சம், ஆக வருஷத்துக்கு ஒரு லட்சத்து மூவாயிரம்.

ஹைக்ராஸுக்குக் கம்பெனி சொல்வது 23.24. நிஜத்தில் 17 என்று வைத்தால் 588 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 101 என்றால் 59 ஆயிரம் சொச்சம். வித்தியாசம் மாசத்துக்கு 3,600 ரூபாய். 30 லட்சம் போட்டுக் கார் வாங்குகிறவர் இதற்காகவா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது?

கணக்குப்பிள்ளை:
தாத்தா போட்ட கணக்கு சரி, எடுத்த கணக்குதான் தப்பு. இந்தக் காரில் டீசல் செலவு கடைசி வரி. கார் புதிதாக வந்தபோது ஷோரூம் விலையே ஒரு கோடிக்கு மேல். பத்து வருஷத்தில் கார் விலை 30 லட்சமாக இறங்கியிருக்கலாம், உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை. இன்றும் அது ஒரு கோடி ரூபாய்க் காரின் பாகம்தான்.

ஒரு உதாரணம். இந்த மாடலில் பழைய இழை பல்பு ஒன்றுகூடக் கிடையாது, உள்ளும் புறமும் எல்லாமே எல்இடி. அப்படி வந்த முதல் கார் என்று அப்போது பெருமையாகச் சொன்னார்கள். ஏதோ ஒரு பைக் வந்து முன்விளக்கில் இடித்தால் பல்பு மாற்றித் தப்பிக்க முடியாது, முழு செட்டும் மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். பத்து வயதான வண்டிக்கு ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காத இன்ஷூரன்ஸ், தரப் பல நிறுவனங்கள் தயங்கும். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதம் தேய்மானம், பத்து வயது தாண்டினால் இரும்புப் பாகத்துக்கும் 50. பாதி பில் உங்கள் தலையில்.

டீசல் தாத்தா:
புது வண்டிக்கு மட்டும் தேய்மானம் இல்லையா பிள்ளை? தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேலான காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 30 லட்சம் ஹைக்ராஸ் என்றால் 6 லட்சம், நம்பர் பிளேட் மாட்டும்போதே போச்சு. எஸ்-கிளாஸில் அந்த நஷ்டத்தை முதல் ஓனர் எப்போதோ பட்டுவிட்டார். அந்த 6 லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்தால் நீங்கள் சொல்கிற முன்விளக்கு, சஸ்பென்ஷன் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை:
அந்த 6 லட்சத்தை உண்மையிலேயே தனியாக எடுத்து வைத்த ஒருவரை எனக்குக் காட்டுங்கள். அப்புறம், அஞ்சு வருஷம் கழித்து இன்னோவாவை வாசலில் நிறுத்தினால் ஆள் வரும். 15 வயதான எஸ்-கிளாஸுக்கு எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்கும் நேரமும் சேர்ந்து வரும், அப்போது யார் வாங்குவது?

எட்டு சிலிண்டர்:
ரெண்டு பேரும் டீசலையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். அதே வருஷ எஸ்500 வி8 பெட்ரோல் இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஓடுவதே பத்தாயிரம் என்றால் பெட்ரோல் போதாதா ப்ரோ?

டீசல் தாத்தா:
ஊருக்குள் 5 தந்தால் பெரிய விஷயம். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. விலை குறைவாகக் கிடைப்பது சும்மா இல்லை.

டிரைவர் சீட்:
எல்லாரும் ஓடுகிற காரைப் பற்றியே பேசுகிறீர்கள் சார். நான் பத்து வருஷமாகப் பெரிய வண்டிகள்தான் ஓட்டுகிறேன். ஓனர் தி.நகரில் கடைக்குள் போவார், "ஏசி ஓடட்டும், வந்துடறேன்" என்பார். ரெண்டு மணி நேரம் ஆகும். 3 லிட்டர் எஞ்சின் நின்ற இடத்தில் ஏசியோடு ஓடினால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும், கிலோமீட்டர் பூஜ்யம். சாயங்காலம் மீட்டரில் 6 காட்டும், "வண்டியில் ஏதோ கோளாறு, செக் பண்ணு" என்பார். ஹைப்ரிட்டில் ஏசி பேட்டரியில் ஓடும், எஞ்சின் அவ்வப்போதுதான் விழிக்கும்.

இன்னொன்று. என் மாதிரி ஒருவரை வைத்துக்கொள்வதாக இருந்தால் மாசம் 25 ஆயிரம். அதை யாருமே கணக்கில் எழுதவில்லை.

கோவை வொர்க்ஷாப்:
வணக்கங்க. நானும் ரொம்ப நேரமாப் படிச்சிட்டிருக்கேன். இந்த வண்டியில முதல்ல பார்க்க வேண்டியது ஏர் சஸ்பென்ஷன், அதாவது வண்டியைக் காற்றால தாங்குற அமைப்பு. சக்கரத்துக்கு மேல இருக்கிற காற்றுத் தூண், ஸ்ட்ரட்டுன்னு சொல்வோம், அதுல லேசாக் காற்று கசியும், வெளியில தெரியாது. காற்றடிக்கிற கம்ப்ரசர் திரும்பத் திரும்ப ஓடி ஈடு கட்டும். கடைசில கம்ப்ரசரும் போகும், அப்புறம் ரெண்டுக்கும் சேர்த்து அழணும். கம்பெனி ஸ்ட்ரட் ஒண்ணே லட்சத்தைத் தாண்டும்ங்க.

அடுத்து, எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கிற ஆயில் கூலரோட சீல். இந்த வி6 டீசல்ல கூலர் எஞ்சினோட வி பள்ளத்துக்குள்ள உட்கார்ந்திருக்கும். சீல் விலை சில்லறைதான், ஆனா அதைத் தொட மேனிஃபோல்ட், டர்போ எல்லாம் கழட்டணும். கூலிதான் செலவு. பின்னாடி வந்த எஞ்சின்கள்ல நல்ல சீல் போட்டாங்க, 2015 வண்டிக்கு ரொம்பப் பயப்பட வேண்டியதில்லை, இருந்தாலும் டார்ச் அடிச்சுப் பாருங்க.

சஸ்பென்ஷனைப் பார்க்க ஸ்கேனர்கூட வேண்டாம். ராத்திரி சமதளத்துல நிறுத்திட்டுப் போங்க. காலையில ஸ்டார்ட் பண்ணாம, நாலு சக்கரத்துக்கும் மேல ஃபெண்டர் இடைவெளியில விரலை விட்டுப் பாருங்க. ஒரு மூலையில விரல் நுழையலைன்னா அங்க கசிவு. ஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச நேரத்துல எழுந்து நின்னுடும், அதனால சாவி திருப்புறதுக்கு முன்னாடியே பார்க்கணும்.

ஓஎம்ஆர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. தரகரிடம் பேசினேன். ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் பார்க்கிறேன் என்றதும், "சார், நீங்க எப்ப வந்தாலும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி ரெடியா வெச்சிருப்போம்" என்கிறார். ரெண்டு முறை கேட்டும் அதே பதில்.

கோவை வொர்க்ஷாப்:
பதில் கிடைச்சிருச்சுங்க.

டீசல் தாத்தா:
இந்த வண்டியை விடுங்கள் தம்பி. சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக உள்ள வேறொன்று தேடுவோம். எஸ்-கிளாஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை:
நான் சொல்கிறேன்.