பேட்ச் போட்ட ஃப்ரீபிஎஸ்டி கெர்னல் உறைகிறது, டீபக்கருக்குள் நுழைய முடியவில்லை

ஃப்ரீபிஎஸ்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கரன்ட் (வளர்ச்சியில் இருக்கும்) கிளையில், காத்திருக்கும் திரெட்களின் வரிசையான ஸ்லீப் க்யூவுக்குரிய பூட்டை மாற்றும் ஒரு கெர்னல் பேட்சைச் சோதிக்கிறேன். பில்ட்வேர்ல்ட் (சிஸ்டம் முழுவதையும் கம்பைல் செய்யும் வேலை) ஓட்டினால் அரைமணிக்குள் மெஷின் மொத்தமாக உறைந்துவிடுகிறது. பேனிக் (கெர்னல் பிழைச்செய்தியோடு நிற்பது) இல்லை, பிங்குக்கும் பதில் இல்லை. போன வாரம் பேட்ச் போட்டதிலிருந்துதான் இப்படி.

மெஷின் திங்க்பேட் எக்ஸ்220. வேறு கணினியிலிருந்து டீபக்கரை இயக்க உதவும் சீரியல் போர்ட் கிடையாது, அதுதான் தலைவலி.

பூட் லோடரில் எஸ்எம்பியை (பல கோர்களைப் பயன்படுத்தும் வசதி) அணைத்தால் ஒழுங்காக ஓடுகிறது. ஃப்ரீபிஎஸ்டியின் பீஹைவ் மெய்நிகர் கணினியில் 4 சிபியு கொடுத்தும் சிக்கல் வரவில்லை. எந்தத் திரெட் எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலரை யூஎல்இயிலிருந்து 4பிஎஸ்டிக்கு மாற்றினேன், பலனில்லை. ஜெனரிக் (இயல்பான) கெர்னல் கான்ஃபிகில், பூட்டு வரிசைப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் விட்னஸ், ஸ்பின் பூட்டுகளைப் (கிடைக்கும்வரை சிபியு சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டுகள்) பார்க்காது. அதற்குக் காரணமான ஸ்கிப்ஸ்பின் வரியை நீக்கியும் பார்த்தாச்சு, எச்சரிக்கை ஏதும் இல்லை. டீபக்கருக்குள் நுழைய அழுத்தும் கன்ட்ரோல்-ஆல்ட்-எஸ்கேப்பும் எடுபடவில்லை.

இந்த நிலையில் ஒவ்வொரு கோரிலும் ஓடும் திரெட்டின் பேக்டிரேஸை (எந்த ஃபங்ஷன்கள் வழியாக வந்து நிற்கிறது என்ற பட்டியல்) எப்படி எடுப்பது?