ஜாவாவில் ஒரே ஒரு இரவு: பிரம்பனன் ராமாயணமா, சோலோவின் வாயாங் ஓராங்கா?

தென்றல்வழி:

ஆகஸ்டில் அம்மாவை அழைத்துக்கொண்டு யோக்யகர்த்தா போகிறேன். போரோபுதூர், பிரம்பனன் கோயில்கள், சுல்தானின் அரண்மனை என்று பகல்பொழுதுகள் நிரம்பிவிட்டன. இரவில் ஒரு நாட்டிய நாடகமாவது பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ராமாயணம், பாரதம் இரண்டும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

விசாரித்ததில் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, பிரம்பனன் கோயிலுக்கு எதிரே நடக்கும் ராமாயண நாட்டியம். இன்னொன்று, சோலோ நகரில் ஸ்ரீவேதாரி அரங்கின் வாயாங் ஓராங், அதாவது மனிதர்களே வேடம் கட்டி வசனம் பேசி ஆடும் ஜாவானிய நாட்டிய நாடகம். இரண்டுக்கும் போக நாள் இடம் கொடுக்குமா என்று தெரியவில்லை. ஒன்றுதான் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? எங்கள் இருவருக்கும் இந்தோனேசிய மொழியும் தெரியாது, ஜாவானிய மொழியும் தெரியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, அதிகம் படி ஏற முடியாது. நேரில் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நிலாமுற்றம்:

யோசிக்கவே வேண்டாம், பிரம்பனன். ஆகஸ்ட் என்பதால் சொல்கிறேன். மே முதல் அக்டோபர் வரை மழை இல்லாத மாதங்களில்தான் திறந்தவெளி மேடையில் ஆடுவார்கள். மற்ற மாதங்களில் பக்கத்திலேயே உள்ள திரிமூர்த்தி என்ற உள்ளரங்குக்கு மாறிவிடும். ஆட்டம் அதேதான், ஆனால் திறந்தவெளியில் மேடைக்குப் பின்னால் விளக்கொளியில் கோயில் கோபுரங்கள் தெரியும். பார்வையாளர்கள் கிழக்கு நோக்கி உட்கார்கிறார்கள், அதனால் பௌர்ணமியை ஒட்டிப் போனால் நிலா கோயில்களின் பக்கமிருந்தே மேலே வரும்.

வசனமே கிடையாது. எல்லாம் அபிநயமும் ஆட்டமும்தான், பின்னணியில் கமெலான் வாத்தியங்களும் பாட்டும். கதை தெரிந்த உங்கள் அம்மாவுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது. அனுமன் இலங்கையை எரிக்கும் காட்சியில் மேடையிலேயே வைக்கோல் குடிசைகளுக்கு நிஜமாகத் தீ வைக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் மேடைக்குப் போய் ராமர், சீதையுடன் படம் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா நாளும் நடக்காது, வாரத்தில் சில இரவுகள்தான். டிக்கெட் எடுக்கும்போது முழுக்கதையும் அன்று உண்டா என்று கேளுங்கள். சில சமயம் கதையைப் பிரித்துத் தனித்தனி இரவுகளில் ஆடுவார்கள். இருக்கைகள் கல் படிக்கட்டு வரிசைகள். முழங்கால் வலி என்றால் கீழ்வரிசை டிக்கெட்டே எடுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. ஆகஸ்ட் இரவு கொஞ்சம் குளிரும், ஒரு சால்வை இருக்கட்டும்.

காவேரிக்கரை:

நிலாமுற்றம் சொன்ன விவரமெல்லாம் சரி. ஆனாலும் ஒரே இரவுதான் என்றால் நான் அம்மாவை சோலோவுக்குத்தான் அழைத்துப் போவேன். வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் யோக்யகர்த்தாவில் இருந்தேன். சனிக்கிழமை மாலையானால் ரயிலேறி சோலோ போய்விடுவேன். அந்த அரங்கின் மேல் எனக்குப் பிரியம் அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரம்பனன் நாட்டியம் 1961-இல் தொடங்கியது. வெளியூர், வெளிநாட்டு மக்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காகவே வசனத்தை விட்டுவிட்டு, நீண்ட கதையைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கினார்கள். அழகாகத்தான் செய்திருக்கிறார்கள். வாயாங் ஓராங் அதைவிட மிகப் பழையது. திரையில் நிழலாக ஆடும் தோல்பாவையின் அசைவை மனித உடம்பில் ஏற்றிய கலை. 1755-இல் மாதராம் அரசு இரண்டாகப் பிரிந்த காலத்தை ஒட்டி அரண்மனைகளுக்குள் வளர்ந்தது. யோக்யகர்த்தாவில் எட்டாம் ஹமெங்குபுவோனோ ஆண்ட 1921 முதல் 1939 வரையான காலத்தில் ஒரே நாடகத்தை நாள்கணக்கில் ஆடியிருக்கிறார்கள். சோலோவில் பத்தாம் பகுபுவோனோ மன்னர் அமைத்த ஸ்ரீவேதாரி பூங்காவில், அரண்மனைக் கலை சாதாரண மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மேடைக் கலையானது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அங்கே ஆட்டம் நிற்கவில்லை. ஞாயிறு தவிர மற்ற இரவுகளில், எட்டு மணி வாக்கில் திரை தூக்குவார்கள். கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுப்பது நகர நிர்வாகம். பிரம்பனனோடு ஒப்பிட்டால் டிக்கெட் விலை மிகக் குறைவு.

அங்கே என்ன பார்க்கலாம் என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். காட்டு வழியில் இளவரசன் ஒருவன் வருவான், பெரும்பாலும் அர்ஜுனன். அவனைச் சாகில் என்ற அரக்கன் மறிப்பான். சாகிலுக்குக் கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், அதில் பல் நீட்டிக்கொண்டிருக்கும். கைவிரல்கள் ஒரு நொடி சும்மா இருக்காது. குதிப்பான், உருளுவான், கழுத்தை வெடுக்கென்று திருப்புவான், மத்தளம் போன்ற கெண்டாங் அவன் ஒவ்வொரு அடிக்கும் கூடவே ஓடும். எதிரே அர்ஜுனன் கண்ணைத் தாழ்த்தியபடி நிற்பான். இடுப்பில் தொங்கும் சம்பூர் துணியின் நுனியை இரண்டு விரலால் எடுத்து மெல்லச் சுண்டிவிடுவான். அவ்வளவுதான். சாகில் பாய்வான், அர்ஜுனன் அரை அடி விலகுவான். கடைசியில் சாகில் தன் கிரிஸ் கத்தியாலேயே குத்துப்பட்டு விழுவான். அர்ஜுனன் வேடம் கட்டியிருப்பவர் பல இரவுகளில் ஒரு பெண்ணாக இருப்பார். நளினமான நாயகர்களைப் பெண்கள் ஆடுவது சோலோ மேடையில் வழக்கம். இந்தச் சண்டையை நான்காவது வரிசையிலிருந்து பார்த்தால் அந்தத் துணிச் சுண்டலும் தெரியும், சாகிலின் மூச்சு வாங்குவதும் தெரியும். பிரம்பனனின் பெரிய மேடையில் இந்த நெருக்கம் கிடைக்காது.

அப்புறம் ஒன்று, பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள். முதல் அரைமணி நேரம் அரசவைக் காட்சி. மன்னர் உட்கார்ந்திருப்பார், மந்திரிகள் கும்பிட்டபடி பேசிக்கொண்டே இருப்பார்கள். வெளிநாட்டுப் பயணிகள் பலர் அங்கேயே பொறுமை இழந்து கிளம்பிவிடுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அதைத் தாண்டினால்தான் செமார், காரெங், பெத்ருக், பாகோங் வருவார்கள். நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் நான்கு பேராகப் பிரிந்து வந்தது போல இருக்கும். செமார் பெருவயிறு சரிந்த கிழவேலைக்காரன், உண்மையில் அவன் பூமிக்கு இறங்கிவந்த தெய்வம் என்பது ஜாவாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மன்னனையே கடிந்து பேசும் உரிமை அவனுக்கு உண்டு. அவர்கள் அடிக்கும் நையாண்டி மொழி தெரியாத உங்களுக்குப் புரியாது. ஆனால் அரங்கில் உள்ளூர்ப் பாட்டிகள் வாய்விட்டுச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு நமக்கும் தொற்றிக்கொள்ளும்.

தென்றல்வழி:

மிக்க நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், சாகில் சண்டையைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார்! ஆனால் இரண்டு சந்தேகம். அங்கே பெரும்பாலும் பாரதக் கதைகள் என்றால், அம்மாவுக்குத் தெரிந்த பாரதமாகவே இருக்குமா? இன்னொன்று, இரவு முடிந்து யோக்யகர்த்தா திரும்ப முடியுமா?

காவேரிக்கரை:

முதல் சந்தேகத்துக்குப் பதில்: பாதி அதே, பாதி வேறு. அம்மாவிடம் முன்கூட்டியே சில விஷயங்களைச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் குழம்பிவிடுவார். ஜாவாவின் பாரதத்தில் திரௌபதி தருமனுக்கு மட்டும்தான் மனைவி. சிகண்டி அங்கே ஸ்ரீகண்டி என்ற வில்வீராங்கனை, அர்ஜுனனின் மனைவிகளில் ஒருத்தி. பீமனின் மகன் கடோத்கஜன் வானத்தில் பறக்கும் பெரிய நாயகன், குழந்தைகளுக்கெல்லாம் செல்லம். அவன் மேடைக்கு வந்தால் ஆட்டமே வேறு தினுசாகிவிடும். கால் அகல வைத்து, கையை உயரத் தூக்கி, மார்பை நிமிர்த்தி ஆடுவார். பீமனை எப்படி அடையாளம் காண்பது என்றால், கட்டைவிரலில் நீண்ட நகம் இருக்கும், அதுதான் அவனுடைய ஆயுதம். யாருக்கும் தலைவணங்கிப் பேச மாட்டான்.

இதைத் தவிர, மூலக்கதையில் இல்லாத கிளைக்கதைகள் ஏராளம். அன்றைய கதை எது என்று மாத அட்டவணையாகச் சமூக ஊடகங்களில் போடுவார்கள். கதையின் பெயரைத் தேடிப் படித்துவிட்டுப் போனால் போதும், வசனம் புரியாததில் பெரிய நஷ்டம் இல்லை. மேடைக்கு முன்னால் கமெலான் குழுவைக் கவனிக்கச் சொல்லுங்கள். கதை சொல்லும் தாலாங் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். அடி விழும்போதும் ஆள் திரும்பும்போதும் மரப்பெட்டியைத் தட்டி ஒலி கொடுப்பவர் அவர்தான். ஆடுபவரின் தோள் திரும்புவதும் அந்தத் தட்டும் ஒரே நொடியில் விழும். சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது பெரிய விருந்து.

இரண்டாவது, திரும்புவதைப் பற்றி யோசிக்காமல் அன்று சோலோவிலேயே தங்கிவிடுங்கள். ஆட்டம் முடிய இரவு பத்து, பத்தரை ஆகிவிடும். அம்மாவை வைத்துக்கொண்டு கடைசி ரயிலைத் துரத்த வேண்டாம். பகலில் யோக்யகர்த்தாவிலிருந்து மின்சார ரயிலில் வாருங்கள், கட்டணம் 8,000 ரூபியா, ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். சோலோ பலாப்பான் நிலையத்துக்கு முன்பே புர்வோசாரி வந்துவிடும், ஸ்ரீவேதாரிக்கு அதுதான் பக்கம். ஸ்லாமெத் ரியாடி சாலையிலேயே அறை எடுத்தால் அம்மா அதிகம் நடக்க வேண்டியிருக்காது.

கல்தச்சன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பிரம்பனன் நாட்டியத்தை விடுவதாக இருந்தாலும், பகலில் அங்கே சிற்பங்களைப் பார்க்கும்போது அம்மாவைச் சிவன் கோயிலின் கைப்பிடிச் சுவர் உட்புறத்துக்கு அழைத்துப் போய்விடுங்கள். ராமாயணம் முழுவதும் அங்கே கல்லில் இருக்கிறது. கிழக்கு வாயிலில் தொடங்கி, நாம் கோயிலைச் சுற்றுவது போலவே வலமாகப் போனால் கதை வரிசையாக வரும். சேது கட்டுவது வரை சிவன் கோயிலில், அதற்குப் பிறகு பக்கத்தில் பிரம்மா கோயிலில். அணை கட்டும்போது வானரங்கள் போடும் கற்களை மீன்கள் வாயில் கவ்விக்கொண்டு போகும் ஒரு பலகை இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். 9-ஆம் நூற்றாண்டு வேலை.

ஒரே சங்கடம், அந்தச் சுற்றுப்பாதைக்குப் போகச் செங்குத்தான படிகள் ஏற வேண்டும். முழங்காலுக்குச் சிரமம்தான். பிரம்மா கோயில் கொஞ்சம் உயரம் குறைவு, ஒன்றுதான் முடியும் என்றால் அதில் ஏறலாம். கும்பகர்ணனை எழுப்பும் காட்சியும் போரும் அங்கேதான்.

நிலாமுற்றம்:

கல்தச்சன் சொன்னதைப் படித்ததும் எனக்கு இன்னொரு யோசனை. பிரம்பனனைப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்து மணி வாக்கில் கோயில் வளாகத்தைச் சாத்திவிடுவார்கள். நாட்டிய மேடை ஓபாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அதற்கு டிக்கெட் தனி. நடுவில் சாப்பிட்டுவிட்டு ஏழரைக்கு மேடைக்குப் போய்விடலாம். மறுநாள் சோலோ. ஒரே ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் இரண்டுமே பார்த்துவிடலாம் என்பது என் கணக்கு.

அப்படிச் செய்வதாக இருந்தால் பிரம்பனனிலிருந்து திரும்ப வண்டியைப் போகும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடியும் நேரத்தில் டவுன் பஸ் இருக்காது, செயலியில் வண்டி கூப்பிட அத்தனை பேரும் ஒரே சமயத்தில் போனை எடுப்பார்கள்.

தென்றல்வழி:

அம்மாவின் முடிவு வந்துவிட்டது: சோலோ கட்டாயம், பிரம்பனன் ஆட்டம் உடம்பு ஒத்துழைத்தால். போரோபுதூரை ஒரு நாள் முன்னால் தள்ளி, சோலோவில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அரங்கில் அம்மா எங்கே உட்கார்ந்தால் நல்லது?

காவேரிக்கரை:

மூன்றாவது, நான்காவது வரிசை, நடுவிலிருந்து கொஞ்சம் ஓரமாக. வாத்தியக்காரர்களும் தெரிவார்கள், கால் அசைவும் தெரியும். நடுவில் எழுந்து போகவும் வசதி. படம் எடுக்கலாம், ஆனால் பிளாஷ் போடாதீர்கள், ஆடுபவர்களின் கண்ணில் அடிக்கும். எட்டு மணி ஆட்டத்துக்கு ஏழரைக்கே போய்விடுங்கள், கமெலான் குழுவினர் வந்து அமர்ந்து முதல் ராகத்தைத் தொடங்குவதை அம்மா கேட்கட்டும்.