கரிச்சானும் வைரியும் ஒரே படத்தில் கூர்மையாக வரவில்லை, உதவி தேவை

பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றங்கரைப் பனைமரத்தில் கரிச்சான் (இரட்டைவால் குருவி) கூடு வைத்திருக்கிறது. வைரி (சிறிய வேட்டைப் பறவை) அந்தப் பக்கம் வந்தாலே மேலிருந்து பாய்ந்து முதுகில் கொத்தி விரட்டுகிறது. அற்புதமான காட்சி! மூன்று வாரமாக முயன்றும் சரியாகச் சிக்கவில்லை. வைரி தெளிவாக இருந்தால் கரிச்சான் மங்கல். இல்லையென்றால் ஃபோகஸ் பின்னாலுள்ள பனையோலைக்கு ஓடிவிடுகிறது.

க்ராப் சென்சார் (சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர் கேமரா, 200-500 மி.மீ, எஃப்/5.6 லென்ஸ், நொடிக்கு 8 படம். தூரம் சுமார் 30 மீட்டர். கூடு கலையக்கூடாது என்பதால் இதைவிட நெருங்க மாட்டேன், ஒலி போட்டு அழைக்கவும் மாட்டேன். நேரம் காலை 6.30 முதல் 8 வரை. அதன்பின் ஆற்றுமணல் சூடேறி, கானலில் எல்லாப் படமும் குழைந்துவிடுகிறது.

ஷட்டர் 1/3200, ஐஎஸ்ஓ 1600. வெளுத்த வானத்தில் கரிச்சான் வெறும் கரிக்கட்டையாகத் தெரிந்ததால் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) +1 ஏற்றினேன், அது சரியாகிவிட்டது. ஒற்றைப் புள்ளி ஃபோகஸில் பறவை நழுவுகிறது. முழுப் பரப்பு ஆட்டோவில் ஓலை பிடித்துக்கொள்கிறது. பின்பக்கப் பொத்தான் ஃபோகஸும் (ஷட்டர் பொத்தானுக்குப் பதில் கேமராவின் பின்பக்கப் பொத்தானால் ஃபோகஸ் செய்வது) பார்த்தாயிற்று. 500 மி.மீ, எஃப்/5.6-இல் ஃபோகஸ் ஆழம் (முன்பின்னாகக் கூர்மையாக விழும் தூரம்) 80 செ.மீ.தான். 300 மி.மீ, எஃப்/8 என்றால் 3 மீட்டர் கிடைக்கும், ஆனால் பறவை சிறுத்துவிடும்.

பறக்கும் இரு பறவைகளை இப்படி எடுத்தவர்கள் சொல்லுங்கள்: 300 மி.மீ, எஃப்/8-இல் குரூப் ஏரியாவுடன் (சில ஃபோகஸ் புள்ளிகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை) லாக்-ஆன் தாமதத்தை (குறுக்கே வேறொன்று வந்தாலும் ஃபோகஸ் உடனே தாவாமல் காத்திருக்கும் நேரம்) கூட்டி வைப்பதா, பனைக்கு முன்னால் ஓரிடத்தில் மேனுவல் ஃபோகஸைப் பூட்டி வைத்துக் காத்திருப்பதா, எது பலன் தரும்?